ஒரு வரிச் சாட்சி

உக்காரு தம்பி. அடுப்புக்கு இன்னும் கிட்ட வா, கூச்சப்படாதே. முழங்கால் வீங்கியிருக்கு பாரு. இந்தத் துறையில பனி வழுக்கி விழுந்தவங்க எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். விழறவங்க அவங்கவங்க பாஷையில கத்துவாங்க. நீ விழுந்ததும் "ஐயோ அம்மா"ன்னே. கையில இருந்த மீன்கூடையை அப்படியே கீழ வெச்சுட்டேன். நாப்பது வருஷம் ஆகப்போகுது, அந்த வார்த்தையை இன்னொருத்தர் வாயால கேட்டு.

பரங்கிப்பேட்டையா? நான் பழவேற்காட்டுப் பக்கம். என் பேரு பூங்காவனம். இந்த ஊர்ல அந்தப் பேரைச் சொன்னா யாருக்கும் புரியாது. இங்க நான் பேஷன்ஸ். பொறுமைன்னு அர்த்தம். என்னை வாங்கின கப்பல் தலைவரோட சம்சாரம் வெச்ச பேரு. தமிழ் எப்படி மறக்காம இருக்குன்னு யோசிக்கறியா? மாட்டுகிட்ட பேசுவேன். இது நாலாவது மாடு. நாலுக்கும் தமிழ் தெரியும்.

இந்தா, கூழ் குடி. சோளம்தான். கேழ்வரகு இங்க ஏது.

உன் கப்பல் நாளைக்குத் தெற்கே இருக்கற தீவுக்குப் போகுதுன்னு துறையில சொன்னாங்க. அதான் உன்னைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். உன்னால எனக்கு ஒரு காரியம் ஆகணும். அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லணும். கேட்டுட்டு நீயே சொல்லு, நான் என்ன தப்பு பண்ணினேன்னு.

அந்தப் பெரிய பஞ்சத்தைப் பத்தி உங்க வீட்டுல பேசியிருப்பாங்க. அதுல எங்க அம்மா என்னை ஒரு மரக்கால் அரிசிக்குக் குடுத்துட்டா. எனக்குப் பன்னெண்டு வயசு. அவளை ஒரு நாளும் குத்தம் சொன்னதில்ல. வெச்சிருந்தா ரெண்டு பேரும் செத்திருப்போம். குடுத்தா ஒண்ணு பொழைக்கும். பொழைக்கட்டும்னுதான் குடுத்தா. அரிசியை முந்தானையில கட்டிக்கிட்டுத் திரும்பிப் பாக்காமப் போனா.

அங்கேர்ந்து இங்கிலாந்து. ரெண்டு வருஷத்துல கப்பல் தலைவர் சம்சாரத்தோட தங்கச்சி குடும்பம் கடல் தாண்டி இங்க குடியேற வந்தப்போ என்னையும் அனுப்பிட்டாங்க. வீட்டுக்காரர் பேரு பெல்நாப். இந்த ஆஷ்போர்ன் ஊர்ச் சபைக்கு மூப்பர். சபையில அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. நல்ல மனுஷன்தான். என்னை அடிச்சதில்ல. பத்து வருஷம் அவர் வீட்டுல பாத்திரம் தேச்சேன், நூல் நூத்தேன்.

இவங்க சாமி கும்பிடற இடம் நீ நினைக்கற மாதிரி இருக்காது. கூட்டவீடுன்னு பேரு. விளக்கு கிடையாது, மணி கிடையாது, பூ வெச்சாக்கூடப் பாவம். பனிக்காலத்துல உள்ள கணப்பு கூட கிடையாது. போதகர் ரெண்டு மணி நேரம் பேசுவார், கண் சொக்கினா ஒருத்தர் கோலால வந்து தட்டுவார். எனக்கு இடம் மாடியில கடைசி பெஞ்சு. கேட்டுக் கேட்டு எல்லாம் பழகிடுச்சு. யார் கரையேறுவாங்க, யார் நரகத்துக்குப் போவாங்கன்னு நாம பொறக்கறதுக்கு முன்னாடியே கடவுள் எழுதி வெச்சுட்டாராம். ஒரு நாள் போதகர்கிட்ட சொன்னேன், ஐயா, எங்க ஊர்லயும் அதேதான், தலையெழுத்தும்போம்னு. அவருக்குப் பிடிக்கலை. அது வேற, இது வேறன்னார். எப்படி வேறன்னு எனக்கு இன்னிக்கும் விளங்கலை.

எனக்குப் போட்ட வேலைக்காலம் முடிஞ்சு விட்டதும் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். டங்கன்னு பேரு. ஸ்காட்லாந்துக்காரன். சண்டையில பிடிபட்டவன், அவனையும் கப்பல்ல ஏத்தித்தான் கொண்டுவந்தாங்க. அவனையும் வித்தாங்க, என்னையும் வித்தாங்க, ஜோடி சரியாப் போச்சு. மூப்பர் தன் வயலோரத்துல இந்தக் குடிசையும் ஒரு மாடும் குடுத்தார். டங்கன் மீன் பிடிக்கப் போனான். ஒரு வருஷம். நான் ஏழு மாசமா இருக்கும்போது படகு திரும்பலை.

பொண்ணு பொறந்தா. கெசையா. சோளம் அறுத்து முடிச்ச சமயம். பிரசவம் பாத்தவ பேரு டாமரிஸ். ஓடைக்கு அந்தப் பக்கம் தனியா இருந்த விதவை. ஊர்ல பாதிக் குழந்தைங்க அவ கையிலதான் விழுந்துது. ரெண்டு நாள் கஷ்டப்பட்டேன், குழந்தை குறுக்க இருந்துது. அவ விட்டுப் போகலை. என் பக்கத்துலயே இருந்தா. அப்போதான் கேட்டா, உங்க அம்மா உன்னை என்னன்னு கூப்பிடுவான்னு. சொன்னேன். ரெண்டு மூணு தடவை சொல்லிப் பாத்தா, நாக்கு புரளலை. ஆனாலும் அதுக்கப்புறம் என்னைப் பேஷன்ஸ்னு கூப்பிடவே இல்ல.

குழந்தை நோஞ்சானாப் பொறந்துது. எனக்கு ஒரே கவலை, ஞானஸ்நானம். குழந்தை தலையில அந்தத் தண்ணி விழணும். விழாம ஏதாவது ஆயிட்டா? போதகர், தண்ணி யாரையும் கரையேத்தாதுன்னுவார். அப்போ ஊத்தினாத்தான் என்ன? ஊத்தமாட்டாங்க. தாயோ தகப்பனோ சபையில சேந்தவங்களா இருந்தாத்தான் ஊத்துவாங்க. சேரணும்னா சும்மா நம்பறேன்னு சொன்னாப் போதாது. எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு, கிருபை எனக்குள்ள இப்போ வந்துது, இப்படி வந்துது, வந்தது நிஜம்தான்னு இதனால தெரியும்னு சாட்சி சொல்லணும். கேட்டவங்க திருப்திப்படணும். பாத்திரம் தேச்சவ நான். இங்கிலீஷே அரைகுறை. ஆனா குழந்தைக்காக நின்னேன்.

முதல் தடவை எல்லாத்தையும் சொன்னேன். பஞ்சத்தைச் சொன்னேன். அம்மா போனதைச் சொன்னேன். கப்பல்ல ஒரு விடியக்காலை கடலைப் பாத்துக்கிட்டு நின்னேன், யாரோ என் பக்கத்துல நிக்கற மாதிரி இருந்துது, அழுகை நின்னுடுச்சு, அதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசினேன். என் வாழ்க்கையில அவ்வளவு நேரம் நான் பேச நாலு பேர் உக்காந்து கேட்டது அன்னிக்குத்தான். போதகர் மெதுவா, அப்போ வேதத்துலேர்ந்து எந்த வசனம் உன் மனசுல வந்துதுன்னு கேட்டார். வசனம் வரலை. எனக்கு வசனமே தெரியாதே அப்போ. விதை இருக்கலாம், முளைச்சது தெரியலை, பனிக்காலம் நடுவுல இன்னொரு தரம் வான்னுட்டாங்க.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். டாமரிஸ் வந்து உக்காந்தா. அவ அதுக்குள்ள குவேக்கர்கள் பக்கம் சாஞ்சுட்டா. குவேக்கர்னா நடுங்கறவங்கன்னு ஊரார் வெச்ச கேலிப்பேரு. அவங்களுக்குப் போதகரும் வேணாம், ஞானஸ்நானமும் வேணாம், சும்மா கூடி உக்காந்து பேசாம இருப்பாங்க. பெரியவன் சின்னவன் கிடையாது, எல்லாரும் நீதான். மூப்பரையும் நீ, நீதிபதியையும் நீ. அதுலதான் இவங்களுக்குப் பத்திக்கிட்டு வந்துது. டாமரிஸ் சொன்னா: "உன் குழந்தைக்குள்ள வெளிச்சம் ஏற்கெனவே இருக்கு. அதைத் தண்ணி ஊத்தி யாரும் கொண்டுவர வேண்டியதில்ல."

கேக்க இதமாத்தான் இருந்துது. பயமாவும் இருந்துது. எதுக்குச் சொல்றேன்னா, அவ சொன்னது தப்பா இருந்துட்டா, அவளுக்கென்ன, குழந்தை என்னோடதுதானே.

அப்புறம் ஒண்ணு கேட்டா. உன் பாஷையிலயே ஜெபம் பண்ணுன்னா. எனக்கு என்ன தெரியும்? அம்மா விளக்கு வெக்கும்போது சொல்ற ஒரே வார்த்தைதான் வந்துது. மாரியாத்தா, எங்களைக் காப்பாத்தும்மா. அவ கண்ணை மூடி உக்காந்திருந்தா. என்ன அர்த்தம்னு கேக்கலை. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல தம்பி, உன்கிட்டதான் சொல்றேன்.

பனி விழறதுக்கு முன்னாடி அவளை நீதிபதி முன்னாடி நிறுத்தினாங்க. நீ, நீன்னே பேசினாளாம். ஊரை விட்டுப் போகச் சொல்லித் தீர்ப்பு. திரும்பி வந்தா வண்டியில கட்டி, மூணு ஊர் வழியா இழுத்துட்டுப் போய், ஊருக்குப் பத்து சவுக்கடி. அப்போ அதான் சட்டம். போயிட்டா.

தை மாசம் இருக்கும். ஒரு திங்கக்கிழமை மாட்டுக்கு வைக்கோல் போடப் போறேன், கொட்டகையில டாமரிஸ். பாவாடையெல்லாம் பனி உறைஞ்சு கட்டை மாதிரி நிக்குது. ஏன் வந்தேன்னு கேட்டேன். போன்னு உள்ள ஒரு குரல் சொல்லிச்சாம். அந்த நேரம் பாத்து கெசையாவுக்குக் கக்குவான் மாதிரி ஒரு இருமல், நாய் குரைக்கற சத்தம், மூச்சு உள்ள இழுக்கும்போது விலா எலும்பு குழியும். டாமரிஸ் குழந்தையை வாங்கிக்கிட்டா. வெங்காயத்தைச் சுட்டு சாறு பிழிஞ்சு தேன்ல குடுத்தா. கொதிக்கற பானைப் பக்கத்துல நெஞ்சோட நிமுத்திப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா. திங்கள், செவ்வாய். கீழ விடலை. ஆள் அரவம் கேட்டா கொட்டகைக்குப் போவா, போனதும் திரும்ப வருவா. புதன்கிழமை காலையில சளி வெளிய வந்துடுச்சு. குழந்தை பால் குடிச்சுது.

வியாழக்கிழமை என்னோட ரெண்டாவது சாட்சி. அது முன்னாடியே குறிச்ச நாள். நானா குறிச்சேன்?

குழந்தையைக் கம்பளியில சுத்தி எடுத்துட்டுப் போனேன். இந்தத் தடவை வசனம் மனப்பாடம் பண்ணியிருந்தேன். எல்லாம் திரும்பச் சொன்னேன், அம்மாவையும் சொன்னேன், வசனத்தையும் சொன்னேன். போதகர் தலையாட்டினார். அப்போ மூப்பர் எழுந்து நின்னார். என்னை நேரா பாத்தார். சத்தம் போடலை. "கிருபை வந்த மனசு எதையும் ஒளிச்சு வெக்காது, பேஷன்ஸ். நீ ஒளிச்சு வெச்சது ஏதாவது உண்டா?"

அவருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். யார்தான் நினைக்கமாட்டாங்க? பனியில காலடித் தடத்தைப் பாத்திருப்பார், புகையைப் பாத்திருப்பார், இப்போ நான் பொய் சொல்றேனா நிஜம் சொல்றேனான்னு சோதிக்கறார். ஊரே பாக்குது. கையில குழந்தை. சொல்லிட்டேன். டாமரிஸ் என் கொட்டகையில இருக்கான்னேன்.

மூப்பர் ரெண்டு பேரைப் பாத்தார், அவங்க எழுந்து வெளிய போனாங்க. போதகர் கண்ணுல தண்ணி. இதுதான் கிருபையோட கனி, இதை விட என்ன அடையாளம் வேணும்னார். எல்லாரும் கை தூக்கினாங்க. என்னைச் சகோதரின்னு கூப்பிட்டாங்க. இங்க வந்து இத்தனை வருஷத்துல முதல் தடவை.

நான் வெளிய வரும்போது அவளைக் கூட்டிட்டு வந்தாங்க, கையைக் கட்டி. என் பக்கத்துல வந்ததும் நின்னா. குழந்தையைப் பாத்தா. "நெஞ்சை நல்லா மூடு. இருமல் திரும்ப வரும்"னா. அவ்வளவுதான். முகத்துல கோவமே இல்ல. கோவம் இருந்தா சபிச்சிருப்பாளே. நான் செஞ்சது தப்பா இருந்தா அவளுக்குக் கோவம் வந்திருக்கணுமே. நீயே சொல்லு.

மறுநாள் சவுக்கடி. இடுப்பு வரைக்கும் துணியை எடுத்துட்டு. நான் பாக்கலை. குழந்தையோட உள்ளயே இருந்தேன், மாட்டுக்குத் தண்ணி வெக்கக்கூட வெளிய வரலை. மூணாவது ஊர் தாண்டி எல்லைக் காட்டுல அவிழ்த்து விட்டுட்டு வந்துட்டாங்க. பனி உருகினப்போ அவ உடம்பு ஆத்தோரத்துல கெடந்ததா மரம் வெட்டப் போனவங்க வந்து சொன்னாங்க.

சாட்சி சொன்ன அந்த வாரமே ஞாயித்துக்கிழமை கெசையாவுக்கு ஞானஸ்நானம். கிண்ணத்துத் தண்ணி உறைஞ்சிருந்துது, கரண்டியால தட்டி உடைச்சாங்க. தலையில விழுந்ததும் வீல்னு கத்தினா. இருமல் திரும்ப வரலை. பாத்தியா, நான் மறைக்கமாட்டேன்னு கடவுளுக்கு முன்னாடியே தெரியும், அதான் குழந்தையைக் காப்பாத்தினார். அப்படித்தான் நான் எடுத்துக்கிட்டேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு மாவு மில்லுக்காரன் பொண்டாட்டி சாட்சி சொன்னா. அவ பேசி முடிச்சதும் மூப்பர் எழுந்தார். நேரா பாத்தார். கிருபை வந்த மனசு எதையும் ஒளிச்சு வெக்காது, நீ ஒளிச்சு வெச்சது ஏதாவது உண்டா? அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறலை. அவ, மாமியாரை மனசுக்குள்ள திட்டியிருக்கேன்னா. சேத்துக்கிட்டாங்க. அடுத்த வருஷம் ஒரு தச்சன், அவன்கிட்டயும் அதேதான். சேத்துக்கறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் அதைத்தான் கேப்பாராம், முதல்லேர்ந்தே. எனக்கு யார் சொன்னாங்க? சாட்சி நடக்கற நாள்ல நான் எங்க இருந்தேன்? சமையக்கட்டுல இருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்?

சரி. அதை விடு. அதையெல்லாம் நான் முழுங்கிட்டேன். என் வருத்தம் கெசையா.

நல்லா வளந்தா. படிச்சா. இங்க பொட்டப்புள்ளைங்களுக்கும் வேதம் வாசிக்கச் சொல்லிக் குடுப்பாங்க, அதுல ஊர்லயே அவதான் முதல். கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அவளுக்குப் பத்தொம்பது வயசுல சபையோட பழைய புஸ்தகத்தை எலி கடிச்சுடுச்சு, புதுசா ஒண்ணுல பாத்து எழுதுன்னு போதகர் அவகிட்ட குடுத்தார். எனக்கு அவ்வளவு பெருமை. யார் யார் என்ன சாட்சி சொன்னாங்கன்னு அதுல இருக்கும். என்னோடதும் இருக்கும். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனா இருக்குன்னு தெரியும். எங்க அம்மா பேரு அதுல இருக்கும்னு நினைச்சுக்குவேன். ரெண்டு தடவையும் சொன்னேனே அவ பேரை. அலமேலுன்னு.

ஒரு நாள் மத்தியானம் வந்தா. என் பக்கத்தைக் கண்டுபிடிச்சியான்னு கேட்டேன். கண்டுபிடிச்சேன்னா. வாசின்னேன். பக்கம் இல்லம்மா, ஒரு வரின்னா. வாசிச்சா. "இந்தியப் பெண் பேஷன்ஸ், தன் கொட்டகையில் இருந்த குவேக்கர் பெண்ணைக் காட்டிக் கொடுத்தாள், சபை திருப்தியடைந்தது."

அவ்வளவுதான். பஞ்சம் இல்ல, கப்பல் இல்ல, அம்மா இல்ல. அவ்வளவு நேரம் பேசினேனே, தம்பி. எல்லாரும் கேட்டாங்களே. மத்தவங்களுக்கு அரைப் பக்கம், முழுப் பக்கம் இருக்காம். எனக்கு ஒரு வரி. அதைச் சொல்லி நான் அழறேன், இவ அழலை. அந்தப் பொம்பளை யாரும்மான்னு கேக்கறா. உன்னைப் பொறக்க வெச்சவன்னேன். எத்தனை நாள் கொட்டகையில இருந்தான்னா. மூணு நாள்னேன். எதுக்கு மூணு நாள்னா. உனக்கு உடம்பு சரியில்ல, அவ பாத்துக்கிட்டான்னேன். மறைக்கலை, எல்லாத்தையும் சொன்னேன். உனக்காகத்தான்டின்னேன்.

அப்புறம் மூணு வாரம் என்கிட்ட சரியாப் பேசலை. மூணாவது ஞாயித்துக்கிழமை கூட்டவீட்டுல எழுந்து நின்னா. எல்லாரும் சாட்சி சொல்லப் போறான்னு திரும்பிப் பாத்தாங்க. நான் மடியில கையை வெச்சுக்கிட்டுச் சந்தோஷமா உக்காந்திருந்தேன். அவ சொன்னா: "என் தலையில ஊத்தின தண்ணி எனக்கு வேண்டாம். என் பேரை எடுத்துடுங்க." மூப்பருக்குத் தள்ளாத வயசு அப்போ. அவரைப் பாத்து நீ எடுன்னு சொன்னாளா, எடுங்கன்னு சொன்னாளா, எனக்குக் காதுல சரியா விழலை.

அந்த வாரமே போயிட்டா. உன் கப்பல் போற அந்தத் தீவுக்குத்தான், அங்க குவேக்கர் ஆளுங்க நிறைய இருக்காங்களாம், யாரும் அடிக்கறதில்லையாம். எட்டு வருஷம். ஒரு கடுதாசி இல்ல. குவேக்கர்கிட்ட சேந்துட்டாளோ, கல்யாணம் ஆச்சோ, இருக்காளோ. நான் யாருக்காக அன்னிக்கு அங்க நின்னேன்? அவளுக்காகத்தானே? இதுதான் என் வழக்கு. நீ வெளி ஊர் ஆளு, யார் பக்கமும் இல்லாதவன், சொல்லு.

சரி, கூழைக் குடி.

நீ போய் அவளைத் தேடு. அவளுக்குத் தமிழ் தெரியாது. சின்ன வயசுல பேசினேன், மூப்பர் வீட்டம்மா கூடாதுன்னுட்டாங்க. உனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொல்லு. கெசையா, கறுப்பு முடி, என் நிறத்துல பாதி, டங்கன் கண்ணு. அம்மா சுகமா இருக்கான்னு சொல்லு. மாடு புதுசுன்னு சொல்லு. குழந்தை இருக்கான்னு கேளு. இருந்தா தண்ணி ஊத்தினாளான்னு, வேண்டாம், அதைக் கேக்காதே. குழந்தை இருக்கான்னு மட்டும் கேளு.

அப்புறம் ஒண்ணு. போற அன்னிக்கு வாசப்படியில நின்னு அவ ஒரு கேள்வி கேட்டா. நான் பதில் சொல்லலை. திருப்பிக் கேக்கலை, போயிட்டா. டாமரிஸைப் பிடிக்க அந்த ரெண்டு பேர் கூட்டவீட்டுலேர்ந்து இங்க வர அரை மணி நேரம் ஆகும்மா, திறந்த வயல், வர்றது தூரத்துலயே தெரியும், அவ ஏன் காட்டுக்குள்ள ஓடலைன்னு கேட்டா.

ஓட முடியலை. கொட்டகைக் கதவு வெளிய தாழ் போட்டிருந்துது.

நான்தான் போட்டேன். காலையில, குழந்தையைத் தூக்கிட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி. அப்போ யாரும் என்னை ஒண்ணும் கேக்கலை. கதவு காத்துல அடிச்சுக்கிட்டே இருக்கும், சத்தம் கேட்டு யாராவது வந்து பாத்துடுவாங்களேன்னு அவ நல்லதுக்குத்தான் போட்டேன். அப்படித்தான் போட்டேன் தம்பி. உள்ளேர்ந்து அவ ஒண்ணும் சொல்லலை. தாழ் விழற சத்தம் கேட்டிருக்கும்.

கெசையா மறுபடி கேட்டா இதைச் சொல்லு. காத்துக்காக அம்மா தாழ் போட்டான்னு சொல்லு. அன்னிக்குக் கூரைமேல புகை நேரா மேல போனது எனக்கு ஞாபகம் இருக்கு, வயல்ல ஒரு புல்லு அசையலை. அதையெல்லாம் அவகிட்ட சொல்ல வேண்டாம். காத்து அடிச்சுதான்னு அவ கேட்டா, அடிச்சுதுன்னு சொல்லு.